கை மட்டும்தான் தெரியும்

எங்கள் எஸ்டேட்டில் மூன்று மணிக்கு ஒரு ஐந்து நிமிடம் எல்லாரும் மலையைப் பார்ப்பார்கள். பறித்த தேயிலைக் கொழுந்தை எடை போடும் நேரம் அது. சித்திரபுரத்துக்கு மேலே மலைக்கா பஞ்சம், பிறந்ததிலிருந்து பார்க்காத மலையா என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். அந்த ஐந்து நிமிடத்தில்தான் என் அம்மா செல்வலட்சுமி தன் சாக்கிலிருந்து கொழுந்தை அள்ளிக் கத்தரீனாள் அத்தையின் சாக்கில் போடுவாள்.

அத்தையின் வலது கையில் இரண்டு விரல்கள் மடங்கியே இருக்கும். கொழுந்து வெட்டும் கத்தரி பட்டு நரம்பு போய்விட்டது. நாளுக்கு இருபத்தேழு கிலோ எடுக்க வேண்டும். அவருக்கு இருபதைத் தாண்டாது. எடை குறைந்தால் வேலை போகும், வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடு போகும். வீட்டுக்குள் அமிர்தநாதன் மாமா பக்கவாதத்தில் படுத்திருந்தார். இந்த மலையை விட்டால் அவர்களுக்குப் போக்கிடம் கிடையாது. நாளைக்கு யாராவது விசாரித்தால், "சத்தியமா நான் ஒண்ணும் பாக்கல" என்று எல்லாரும் அவரவர் சாமியை வைத்துச் சொல்ல வேண்டுமே. அதற்குத்தான் மலை.

இதை வெளியே சொன்னவள் நான். பி.எஸ்ஸி. இயற்பியல் படித்துவிட்டு இரண்டு வருடம் வீட்டில் சும்மா இருந்த ஆர்த்தி.

கொச்சியிலிருந்து சோனா என்ற ஆராய்ச்சி மாணவி வந்தார். குவாண்டம் கணினியைப் பொதுமக்களிடம் கொண்டுபோகும் திட்டமாம். தோட்டத் தொழிலாளர்களும் சேர்ந்து உருவாக்கும் கண்காட்சியாம். அவருக்கு மலையாளம்தான், தமிழ் வராது என்பதால் மொழிபெயர்க்க என்னைப் பிடித்தார்கள். கழுத்தில் அடையாள அட்டை வேறு. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஃபாக்டரி ஹாலை மானேஜர் கேட்டதுமே கொடுத்துவிட்டார். குழாயில் தண்ணீர் விடுவதற்கே மூன்று தடவை யோசிக்கிற மனிதர். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

முதல் கூட்டத்தில் சோனா சொன்னதைத் தமிழில் சொன்னேன். இந்தக் கணினிக்குள் இருக்கும் சின்னஞ்சிறு துகள்கள் ஒன்றோடொன்று பிணைந்துதான் வேலை செய்யும். நடுவில் யாராவது எட்டிப் பார்த்தால் பிணைப்பு கலைந்துவிடும். பிறகு ஒவ்வொன்றும் தனித்தனிதான்.

பெண்கள் கொட்டாவி விட்டார்கள். உங்கள் வாழ்க்கையிலிருந்தே ஓர் உதாரணம் கொடு என்று சோனா என்னிடம் கெஞ்சினார். எனக்கு மலைதான் நினைவுக்கு வந்தது. சொல்லிவிட்டேன். சோனாவுக்குக் கண் கலங்கிவிட்டது, என் கையைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவு படித்த ஒருவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

சோனா அதைப் படம் எடுக்க அம்மா ஒப்பவில்லை. "இது வெளிய சொல்லுத காரியமாடி?" என்றாள்.

அத்தைதான் சமாதானம் செய்தார். "விடுங்க மதினி. நம்ம பிள்ள நல்லதுக்குத்தான செய்யும். எங்க தாயி கையெழுத்துப் போடணும்?"

ஒப்புதல் படிவத்தை நான்தான் வாசித்துக் காட்டினேன். பெயர் வராது, முகம் வராது, கை மட்டும்தான் தெரியும். சோனா இதில் கறாராக இருந்தார்; பாவம், நல்ல மனசு. அத்தை மடங்கிய விரல்களுக்கு நடுவே பேனாவைச் செருகிக் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

கண்காட்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை. சுவர் உயரத்துக்குப் படம். அம்மாவின் இரண்டு கைகள் நிறையக் கொழுந்து. சாக்கின் வாயைப் பிடித்திருக்கும் இன்னொரு கை, இரண்டு விரல் மடங்கியது. கைக்கு வேலை கொடுக்கிற ஊரில் முகத்தை மறைத்து என்ன பயன்? உள்ளே வந்த பெண்கள் படத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். சூப்பர்வைசர் பாண்டீஸ்வரன், எல்லாம் தெரிந்தும் இத்தனை வருடம் எங்களோடு மலை பார்த்தவர், வந்த வழியே திரும்பிப் போனார்.

மானேஜர் படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். கையிலிருந்த டீ ஆறிப்போனது.

"இது நம்ம ஏழாம் நம்பர் காடு அல்லே ஆர்த்தி?" என்றார் சிரித்தபடி.

அவருக்கு என் பெயர் தெரிந்திருப்பதே பெருமையாக இருந்தது. "ஆமா சார்."

"டெய்லி உண்டோ?"

அப்போதுதான் உறைத்தது. நான் வாயைத் திறப்பதற்குள் சோனா முந்திக்கொண்டார். "எல்லா திவசமும் உண்டு சார். எட்டு வருஷமாயிட்டு." முகமெல்லாம் சந்தோஷம்.

மானேஜர் கை தட்டினார். ஹாலில் அவர் ஒருவர்தான் தட்டினார்.

மறுநாள் மூன்று மணிக்கு மனசு கேட்காமல் தேயிலைக் காட்டுக்கு ஓடினேன். தராசுக்குப் பக்கத்தில் மானேஜரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சாக்குக்குச் சாக்கு பெயர்ச்சீட்டு, நடுவே பத்தடி இடைவெளி. அவர் திட்டவில்லை, சத்தமும் போடவில்லை. ஒருவரும் மலைப் பக்கம் திரும்பவில்லை. அத்தையின் முறை வந்தபோது தராசில் பத்தொன்பது என்று சிவப்பாக எரிந்தது. அம்மா ஒரு கை கொழுந்தை வைத்துக்கொண்டு அதை எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றாள்.

சோனாவுக்குப் போன் செய்தேன். அழுதார். மானேஜருக்குக் கடிதம் எழுதுவதாகச் சொன்னார், எழுதவும் செய்தார். பதில் வரவில்லை. எனக்கு மட்டும் பாராட்டுச் சான்றிதழ் தபாலில் வந்தது.

மூன்றாவது வாரம் லயத்துக்கு ஜீப் வந்தது. மாமாவைப் பாயோடு தூக்கி உள்ளே கிடத்தினார்கள். நான் பாத்திரப் பெட்டியைத் தூக்கப் போனேன். வாசல்களில் நின்ற பெண்கள் ஒவ்வொருவராக முகத்தைத் திருப்பி மலையைப் பார்த்தார்கள். முதலில் திரும்பியது அம்மா.

"பெட்டியக் குடு தாயி, கனமா இருக்கும்" என்று அத்தை கையை நீட்டினார். அவர் மட்டும் என்னை நேராகப் பார்த்தார்.

என்னால் தாங்க முடியவில்லை. நானும் மலையைப் பார்த்தேன்.