நடுவில் இல்லாத குரல்

இயக்குநருக்குப் பாட்டை அனுப்பியதும் தலையிலிருந்து ஒரு மூட்டை இறங்கினாற்போல் இருந்தது தம்பிக்கு. டீ போட அடுப்படிக்குப் போனவன், கை சும்மா இராமல் அதையே தன் பழைய போனில் ஓடவிட்டான். கிட்டார் வந்தது. புல்லாங்குழல் வந்தது. பாடிய அக்காவை மட்டும் காணோம்.

பால் பொங்கி வழிந்ததைக்கூட அவன் கவனிக்கவில்லை.

அந்தப் போனில் ஒரே ஒரு ஸ்பீக்கர். இயக்குநரின் மேஜையிலும் அப்படி ஒன்றுதான். "எல்லாத்தையும் அதுலதான் கேட்பேன். பாடி அனுப்பற மூணு பேர்ல யாரை எடுக்கறதுன்னு நாலு மணிக்குச் சொல்லிடறேன்" என்றிருந்தார். இப்போது மணி மூன்று பத்து. கூப்பிட்டுப் பார்த்தான். எடுக்கவில்லை.

தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு வருடமாக அக்கா பாட வாயே திறக்கவில்லை. நீட்டிப் பாடினால் குரல் நடுங்கும். "அது வெளியில தெரியாம பார்த்துக்கடா, உனக்குத்தான் ஆயிரம் வித்தை தெரியுமே" என்று சொல்லித்தான் பாட வந்தாள். இவன் இரண்டு மைக் வைத்தான். ஒன்று அவள் முகத்துக்கு நேராக, மற்றது பக்கவாட்டில் சுவர்களைப் பார்த்து. கம்ப்யூட்டரில் இரண்டையும் சேர்க்கும் மிட்-சைட் மென்பொருளில் ஆளுக்கொரு குமிழ்: நேர் மைக்குக்கு 'மிட்', பக்கவாட்டு மைக்குக்கு 'சைட்'. 'மிட்' குமிழைக் குறைக்கக் குறைக்க, சுவரில் பட்டு வரும் ஒலி மட்டும் மிஞ்சி, நடுக்கமும் குறைந்தது. கடைசியில் பூஜ்யத்துக்கே கொண்டுபோய்விட்டான். ஹெட்போனில் குரல் இரண்டு காதையும் சுற்றிப் பரவியது. தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டான்.

'சைட்' ஒலி ஒரு காதுக்கு நேராகவும் மறு காதுக்குத் தலைகீழாகவும் போகும். ஒரே ஸ்பீக்கரில் இரண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். 'அனுப்பறதுக்கு முன்னாடி ரெண்டையும் ஒண்ணாக்கற மோனோ பட்டனை அழுத்திக் கேளு' என்று ஊருக்கெல்லாம் படித்துப் படித்துச் சொல்பவன் இவன். இன்று அழுத்தவில்லை.

ஓடிவந்து மிட் குமிழைப் பாதிக்கு ஏற்றினான். அக்கா நடுவில் வந்து நின்றாள், நடுக்கத்தோடு. இதை அனுப்பினால் அவளுக்குக் கொடுத்த வாக்கு போச்சு. அனுப்பாவிட்டால் அவளே இல்லை. மணி மூன்று நாற்பது. விரல் நகம் பாதி போய்விட்டது. பக்கத்து அறையில் போனை மடியில் வைத்துக் காத்திருந்தவளைக் கூப்பிட்டான்.

"நடுங்குதேடா" என்றாள் கேட்டுவிட்டு.

"நடுங்குதுதான்க்கா. அதை மறைக்கப் போய் உன்னையே மறைச்சுட்டேன்."

முதலில் அனுப்பியதைத் தன் போனில் போட்டுக் காட்டினான். கிட்டாரும் குழலும் யாருக்கோ வழிவிட்டு ஒதுங்கி ஒதுங்கி வாசித்தன. யாரும் வரவில்லை. அக்காவின் முகம் வெளிறிப்போனது. அவனுக்கு அவளை நிமிர்ந்து பார்க்கவே வெட்கமாக இருந்தது.

"இதையா அனுப்பினே?"

தலையாட்டினான்.

அவள் திரையைக் காட்டி, "பாதி எதுக்கு? முழுசா ஏத்து" என்றாள். "வேணாம்னு சொல்றதா இருந்தா என் குரலைக் கேட்டுட்டுச் சொல்லட்டும்."

ஏற்றினான். மோனோவில் ஒருமுறை, போனில் ஒருமுறை கேட்டான். 'முன்னதில் தவறு, இதைக் கேளுங்கள்' என்று எழுதி மூன்று ஐம்பத்திரண்டுக்கு அனுப்பினான். அதன் பிறகு இருவரும் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலு அடித்தது. நாலு ஐந்தும் ஆனது.

போன் அடித்தபோது எடுக்கப் போன தம்பியின் கையை விலக்கிவிட்டு அவளே எடுத்தாள்.

"ஆமா சார்" என்றாள், குரல் நடுங்க. "நான்தான் பாடினேன்."