காலியாக விட்ட பெஞ்சு

பித்தளைத் தகடு இன்வர்நெஸ் பட்டணத்திலிருந்து செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. கேப்டன் ஹெக்டர் மக்ராரி அதைச் சாக்குத் துணியிலிருந்து பிரித்தெடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். பிழை ஒன்றும் இல்லை. "இச்சபையை முப்பத்தோரு ஆண்டுகள் மேய்த்த போதகர் லாக்லன் மக்ராரியின் நினைவாக. அவர்மேல் கொண்ட மரியாதையினால் ஜனங்கள் இந்த ஆசனத்தை இன்றளவும் காலியாக விட்டிருக்கிறார்கள்."

போதகர் லாக்லன் அவருடைய தந்தை. இறந்து இருபத்தோரு வருஷம் ஆகிறது. அவர் பிரசங்கித்த அதே கோவிலில், பிரசங்க மேடைக்கு நேர் எதிரே, மக்ராரி குடும்பத்தின் பெஞ்சுக்கு அடுத்தாற்போல் இருந்தது அந்த இரண்டாவது பெஞ்சு. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று கேப்டன் ஊர் திரும்பிய முதல் ஞாயிற்றுக்கிழமையே அதைக் கவனித்தார். கோவில் நிறைந்து வழிந்தது. பின்னால் ஜனங்கள் சுவரோரமாக நின்றார்கள். அந்தப் பெஞ்சில் மட்டும் ஒருவரும் உட்காரவில்லை. அவருக்கு மனம் நிறைந்துபோயிற்று. யாரிடமும் காரணம் கேட்கவில்லை. தமக்குத் தெரிந்ததைக் கேட்பானேன்?

இந்தப் பத்து வருஷத்தில் வந்த விருந்தாளிகளுக்கெல்லாம் அந்தப் பெஞ்சைக் காட்டியாயிற்று. இப்போது குடும்ப வரலாறும் எழுதி முடித்தாயிற்று, இருபத்துமூன்று பக்கம். குலத்தின் முதல் மக்ராரியிலிருந்து தலைமுறை தலைமுறையாக வந்து, ஒன்பதாம் பக்கத்தில் தந்தையைத் தொடங்கியிருந்தார். "பிரசங்கிக்கும்போது கண்களை மூடிக்கொண்டே பேசுவார், அத்தனை பக்தி" என்று அதில் ஒரு வரி. பதினாலாம் பக்கத்தில் இந்தப் பெஞ்சு. சபை கூடி அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து வாரம் வருகிறது. அதன் கடைசி நாளான திங்கட்கிழமை, ஆராதனை முடிந்ததும், சுற்றுவட்டார நிலமெல்லாம் சொந்தமான குலத்தலைவர் முன்னிலையில் அதை வாசித்துத் தகட்டைத் திறந்துவைப்பது என்று ஏற்பாடு.

புதன்கிழமை காலையில் தகட்டோடு கோவிலுக்குப் போனார். கோயில்பிள்ளை டூகல் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தான். எழுபது வயது, முதுகு வளைந்தாலும் கை ஓயாத உழைப்பாளி.

"டூகல், இதைப் பெஞ்சு முதுகுல அடிச்சுடு. நாலு திருகாணி போதும்."

டூகல் தகட்டைப் பார்த்தான். அவனுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. "என்னங்கய்யா எழுதியிருக்கு?"

கேப்டன் ஊர் மொழியான கேலிக்கில் சொன்னார். டூகல் துடைப்பத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான்.

"திருப்புளி காணோமேய்யா."

"உன் இடுப்புல என்ன தொங்குது?"

"இதுங்களா... இது முனை மழுங்கிப்போச்சு. அந்தக் கட்டையும் அவ்வளவு நல்லா இல்லீங்க. பழைய கட்டை. திருகாணி ஏத்துனா பிளந்துடும்."

"போன வருஷம்தானே அதுக்குத் தைலம் பூசின? உக்காராத பெஞ்சுக்கு எதுக்குடா தைலம்னு நான்கூடக் கேட்டேனே."

"ஆமாங்க. பூசினேன்." டூகல் வானத்தைப் பார்த்தான். "மழை வேற வர்ற மாதிரி இருக்கு."

"கோவிலுக்குள்ளயா மழை பெய்யப்போகுது?"

டூகல் மறுபடி பெருக்கத் தொடங்கினான். உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது: "ஏன்டா இப்படி நெளியறே? அடிக்க மாட்டேன்னு சொல்லேன். வாயில என்ன, கூழா?"

டூகலின் அக்கா மார்சலி. திருவிருந்துக்காகத் தரை கழுவ வந்தவள், முட்டிக்கால் போட்டபடியே தலையை நிமிர்த்திப் பார்த்தாள்.

"அக்கா, சும்மா இரு" என்றான் டூகல்.

"நாப்பது வருஷம் சும்மா இருந்தாச்சு. சும்மா இருந்ததாலதான் இப்ப பித்தளையில வந்து நிக்குது." அவள் எழுந்து, ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். "கேப்டன் ஐயா, அந்தப் பெஞ்சு யாரோடதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"என் தந்தைக்காக விட்டது."

"வெய்க் பள்ளத்தாக்குக்காரங்களோடது. பதினோரு வீடு. ஆம்பளைங்க அந்தப் பெஞ்சுல, பொம்பளைங்க அதுக்குப் பின்னாடி. என் அக்கா ஊனா அங்கதான் வாக்கப்பட்டா."

வெய்க்கில் இப்போது ஆடுகள்தான் மேய்கின்றன. கேப்டன் அங்கே பறவை சுடப் போயிருக்கிறார். இடிந்த சுவர்களின் மேல் உட்கார்ந்து ஓட்ஸ் ரொட்டி தின்றிருக்கிறார்.

"அவங்க அமெரிக்காவுக்குப் போனாங்க. என் தந்தை கரை வரைக்கும் போய் வழியனுப்பினாரு. அழுதாரு. பதினஞ்சாம் பக்கத்துல எழுதியிருக்கேன்."

"அழுதாரு. நானும் பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன்." மார்சலி பிரசங்க மேடையைக் காட்டினாள். "அதுக்கு மூணு மாசம் முன்னாடி, அங்க நின்னுதான் தலைவரோட காரியஸ்தர் எழுதின கடிதத்தை வாசிச்சாரு. ஆடு மேய்க்க நிலம் வேணும், மே மாசத்துக்குள்ள வீட்டைக் காலி பண்ணணும்னு. அவங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதில்லையா? அதனால நம்ம பாஷையில, வார்த்தை வார்த்தையா, எல்லாருக்கும் புரியற மாதிரி. வாசிச்சுட்டு, இது உங்க பாவத்துக்கு ஆண்டவர் குடுத்த தண்டனை, எதிர்த்தா அவரையே எதிர்க்கறதுன்னாரு. ஊனா புருஷன் வெளியில வந்து, கடிதம் காரியஸ்தர் எழுதினது, வேதத்துல பேதுருவும் பவுலும் எழுதினது இல்லையேன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டான். அவ்வளவுதான். அந்தத் தடவை திருவிருந்துக்கு அவனுக்கும் ஈய வில்லை கிடையாது, அவளுக்கும் கிடையாது."

அதன் அர்த்தம் கேப்டனுக்குத் தெரியும். போதகரிடமிருந்து அந்த ஈய வில்லையை வாங்காதவன் திருவிருந்து மேஜைக்குப் போக முடியாது. எல்லார் கண்ணுக்கும் முன்னால் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். திருடனுக்கும் விபசாரிக்கும் நேர்வது அது.

"கப்பல் போன மறு ஞாயிறு பெஞ்சு காலி. முன்னாடி வந்து உக்காருங்கன்னாரு உங்க அப்பா. யாரும் அசையல. அடுத்த வாரமும் சொன்னாரு. அப்புறம் சொல்றதை நிறுத்திட்டாரு. போதகரை எதிர்த்து நாங்க என்ன பேச முடியும்? உக்காராம இருக்க முடியும். பத்தொம்பது வருஷம் அவர் முகத்துக்கு நேரா அதை வெச்சோம், ஐயா. அவரும் கண்ணை மூடிக்கிட்டார்."

"அக்கா!" என்றான் டூகல்.

"என்னடா அக்கா? அந்த மே மாசம்தானே இவருக்குப் பட்டாளத்துச் சிவப்புக் கோட்டு வந்துச்சு? தலைவர் வீட்டுலயிருந்து?"

கேப்டன் தகட்டைச் சாக்குத் துணியில் சுற்றினார்.  டூகலிடம் கொடுக்காமல் தாமே எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

வீட்டில் கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. மார்சலி சொன்னதைச் சரிபார்க்க அவர் எந்தக் காகிதத்தையும் தேடவில்லை. தேட வேண்டிய அவசியம் இல்லை. பதினெட்டு வயதில், கேட்காமலே பட்டாளத்தில் அதிகாரிப் பதவி வந்தது. மக்ராரிகளில் அவரைவிடப் பெரிய வீட்டுப் பிள்ளைகள் அதற்காக வருஷக்கணக்கில் காத்துக்கிடந்தார்கள். தந்தை அந்த உத்தரவை நீட்டியபோது மகனுடைய முகத்தைப் பார்க்கவில்லை. "தலைவரோட தயவு. யார் கேட்டாலும் அவ்வளவு சொன்னா போதும்" என்றார். யாரும் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

பட்டாளத்தில் சேரப் போன நாளில் வழியில் வெய்க் ஜனங்கள் எதிர்ப்பட்டார்கள். மூட்டைகளும் ஒரு கோழிக்கூடும், முதுகில் கட்டிய கிழவன் ஒருவனும். குதிரையைக் கண்டதும் பாதையை விட்டு விலகிச் சேற்றில் நின்றார்கள். புதுச் சிவப்புக் கோட்டைப் பார்த்தார்கள். அதை அவர் மரியாதை என்று எடுத்துக்கொண்டு, தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்லிக் கடந்தார். பதினாறாம் பக்கத்தில் அதையும் எழுதியிருந்தார். "ஏழை எளியவரும் அவர் மகனுக்கு வழிவிட்டனர்."

அந்த வரியை மறுபடி படித்தபோது, தனியாக இருந்தும், முகம் சுட்டது. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

அடுத்த நாட்களில் உபவாச ஆராதனைக்கும் திருவிருந்துக்கும் கேப்டன் வழக்கம்போல் வந்தார். முதுகு வழக்கம்போல் நேராக இருந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஈய வில்லையைக் கையில் வைத்திருந்தும் மேஜைக்குப் போகவில்லை. உட்கார்ந்தே இருந்தார். பின்னால் இருந்த காலிப் பெஞ்சு முதுகில் உறுத்தியது. மக்ராரி ஒருவர் உட்கார்ந்திருப்பதைச் சபை முழுக்கப் பார்த்தது.

பதினாலாம் பக்கத்தையும் தகட்டையும் ஒதுக்கிவிடலாம். மற்றதை வாசிக்கலாம். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நாற்பது வருஷமாகச் சொல்லாதவர்கள்தானே. குலத்தின் பெயர் அப்படியே இருக்கும். திங்கட்கிழமை காலை சவரம் செய்துகொள்ளும்வரை அப்படித்தான் முடிவு செய்திருந்தார்.

கோவில் நிறைந்திருந்தது. குலத்தலைவர் மக்ராரி குடும்பத்தின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அந்தக் காலத்துத் தலைவரின் மகன், எடின்பரோவில் வளர்ந்தவர், கேலிக்கில் நலம் விசாரிக்கக்கூட வராது. அவருக்காகவே வரலாறு இங்கிலீஷில் எழுதப்பட்டிருந்தது. கேப்டன் மேடையின் கீழே, இரண்டு பெஞ்சுகளுக்கும் எதிரே நின்று வாசிக்கத் தொடங்கினார். ஈவன் மகன் ராரி, ராரி மகன் டோனல். கடல் சண்டைகள். ஒன்பதாம் பக்கம். தந்தை கண்களை மூடிப் பிரசங்கித்த வரி வந்தது.

நிறுத்தினார். தாள்களை மடித்தார்.

"இதற்கு மேல் எழுதியிருப்பது உண்மை அல்ல" என்றார் இங்கிலீஷில். "இந்தப் பெஞ்சு என் தந்தையின் மரியாதைக்காக விடப்பட்டதல்ல. வெய்க் மக்களை வெளியேற்றும் கடிதத்தை அவர் இந்த இடத்தில் வாசித்தார். எதிர்த்துப் பேசியவர்களுக்குத் திருவிருந்தை மறுத்தார். அதற்குக் கைம்மாறாக எனக்குப் பட்டாளத்தில் பதவி கிடைத்தது. நான் அதை வாங்கிக்கொண்டேன்."

குலத்தலைவர் தமது கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக நேர்ப்படுத்தினார். இங்கிலீஷ் தெரிந்த நாலைந்து பேர் குனிந்துகொண்டார்கள். மற்றவர்கள் முன்போலவே பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஈவன் மகன் ராரி என்பது போலத்தான் இதுவும் அவர்கள் காதில் விழுந்தது.

கேப்டனுக்கு நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது. முடிந்தது, சொல்லியாயிற்று. உட்காரத் திரும்பினார்.

"கேப்டன் ஐயா."

மார்சலி பின்சுவரோரம் நின்றிருந்தாள். சபை கூடியிருக்கையில் கோவிலில் ஒரு பெண் குரல் உயர்த்துவது வழக்கம் இல்லை. டூகல் அவள் சால்வையைப் பிடித்து இழுத்தான்; அவள் தட்டிவிட்டாள்.

"என்னமோ சொன்னீங்க, முகம் செவந்துபோச்சு. என்னன்னு எங்களுக்குத் தெரியல. நம்ம பாஷையில சொல்லுங்க. உங்க அப்பா கடிதத்தை எங்களுக்குப் புரியற மாதிரிதானே வாசிச்சாரு?"

யாரோ இருமினார்கள். குலத்தலைவர், அந்தக் கிழவி என்ன கேட்கிறாள் என்பதுபோல் கேப்டனைப் பார்த்தார். அவரிடம் ஏதாவது ஒரு பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். இதுவரை அவர் செய்தது அப்படித்தான்.

கேப்டன் மறுபடி திரும்பி நின்றார். சுற்றிலும் இருந்தவை எல்லாம் தெரிந்த முகங்கள். தகடு வந்த அன்று அதைத் தூக்கிவந்த வண்டிக்காரன் இருந்தான். பெஞ்சைப் பற்றி அவர் பெருமையடித்தபோதெல்லாம் தலையாட்டியவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு அத்தனையும் தெரியும், அவரைவிட நன்றாகத் தெரியும். தெரிந்ததை அவர் வாயால் கேட்கத்தான் நிற்கிறார்கள்.

கேலிக்கில் ஆரம்பித்தார். முதல் வார்த்தை பின்சுவர்வரை எட்டவில்லை. அணிவகுப்பு மைதானத்தில் பேசுவதுபோல் குரலை உயர்த்தி முதலிலிருந்து தொடங்கினார்: "என் அப்பா இந்த இடத்துல நின்னு..."

எதிரே தைலம் பூசிய காலிப் பெஞ்சு பளபளத்தது. கண்களை மூடிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. மூடாமல் சொல்லிக்கொண்டே போனார்.