ஏறிய பிஸ்டன்

...இல்லை, தானாகப் பழுதாகிற சாமான் இல்லை இது, யாரோ கை வைத்திருக்கிறார்கள், யாரோ என்ன யாரோ, யோகநாதன்தான், வேறு எவனுக்கு இதன் உள்வயிறு தெரியும்? இளையதம்பி கொட்டிலுக்குள் குந்தியிருந்து தான் செய்த பம்பை முறைத்தார். ஒரு முழ உயரம், மேலே நீராவிச் சிலிண்டர், கீழே காற்றுச் சிலிண்டர், இரண்டுக்கும் ஒரே தண்டு. நீராவி பிஸ்டனை ஏற்றி இறக்க, கீழே காற்று அமுங்கி ரயில் பிரேக்குக்குப் போக வேண்டும். புளியங்குளம் ஸ்டேஷனில் எஞ்சின்களுக்குத் தண்ணீர் ஏற்றுகிற மனுசனுக்கு, எவனோ பயணி விட்டுப்போன ஆங்கிலச் சஞ்சிகையில், வெளிநாட்டு எஞ்சின் ஒன்றின் விலாவில் இதைக் கண்ட நாள் முதல் பிடித்த பைத்தியம். ஆயுதபூசைக்கு முதல்நாள் டக்கு டக்கென்று என்ன அழகாக ஓடியது! இன்று சிரட்டைக்கரி கனன்று கொதிகலனில் நீராவி முட்டி நிற்கிறது, பிஸ்டன் ஏறுகிறது... இறங்க மாட்டேன் என்கிறது.

பூசையன்று இரவு முழுக்கச் சரஸ்வதி படத்துக்கு முன்னால்தானே இருந்தது, அவலும் கடலையும் தின்ன வந்தவன் அதைத் தடவித் தடவி, "அண்ணை, ஒருக்கா வீட்டை கொண்டுபோய்ப் பாக்கட்டே?" என்று கேட்டானே, ஏன் கேட்டான்? சிலிண்டரைத் தன் பட்டறையில் கடைந்து தந்தவன் அவன், சும்மா தந்தான், சும்மா யார் தருவான் இந்தக் காலத்தில்? வவுனியாக் கண்காட்சியில் இதைத் தன் பெயரில் வைக்கிற எண்ணமோ... இந்த ஊருக்கு வந்ததிலிருந்து மனம்விட்டுக் கதைக்க இருந்தவன் அவன் ஒருவன், அவனும் இப்படியென்றால் பிறகு யாரிடம் போவது? படலையில் சைக்கிள் மணி. அவன்தான். காலையிலேயே மனைவிக்குச் சொல்லி வைத்திருந்தார், நல்ல காலம்.

"அவர் இல்லைத் தம்பி, மாங்குளத்துக்குப் போட்டார்" என்றாள் பத்மாசனி, பொய் சொல்லத் தெரியாதவள், குரல் இழுபட்டது.

"பரவாயில்லை அக்கா, வருமட்டும் இதிலை இருக்கிறன்."

இருக்கிறானாம், பூவரசுக்குக் கீழே. எதற்கு? தான் செய்த வேலை பலித்துவிட்டதா என்று பார்க்கவோ? இளையதம்பி மூச்சை அடக்கிக்கொண்டு, கைக்கு வேலை வேண்டுமே என்று, மேல்மூடியின் சிறுதுளைக்குள் குண்டூசியை விட்டுக் கிண்டினார், உள்ளே நின்ற நீராவி போவதற்கான துளை, அது அடைபட்டால் வால்வு திரும்பாது, வால்வு திரும்பாவிட்டால்... புஸ்ஸென்று மஞ்சளாய் ஏதோ முகத்தில் தெறித்தது. சந்தன வாசம். பூசையன்று பத்மாசனி சந்தனக் கிண்ணத்தோடு வந்தபோது, "நீ தொடாதை, இதுக்கு நான் வைக்கிறன்" என்று பறித்தது யார்? மண்வெட்டிக்கும் தையல் மெஷினுக்கும் அவள் வைத்தாள்; இதற்கு நெற்றி எது என்று தேடித் தேடி, பெருவிரலால் அப்பி, மேலே குங்குமமும் வைத்தது யார்? காலையில் துடைத்தது வெளிப்பக்கத்தை மட்டுந்தானே... சீ, என்ன மனுசன் நான். அவர் அப்படி நினைத்து முடிப்பதற்குள் பிஸ்டன் இறங்கியது, ஏறியது, டக்கு, டக்கு, டக்கு, ஓலைக் கிடுகுச் சுவர் எதை மறைக்கும்? பூவரசடியில் பத்மாசனியோடு கதைத்துக்கொண்டிருந்த குரல் நின்றுபோயிற்று. நீராவிக் குழாயைத் திருகி அடைக்கலாமென்று கை போனது, பாதியில் நின்றது... அடைத்தால், சத்தம் நிற்பதும் அவனுக்குக் கேட்குமே.