ஓடைக்குப் போடாத வாக்கு

ஓடையக்கா வெளியே வந்ததும் நகர மன்றக் கூட்ட அறைக் கதவைச் சாத்திவிட்டார்கள். உள்ளே வாக்கெடுப்பு. தெருவுக்கடியில் சிமென்ட் பலகை போட்டு மூடிய ஓடையைத் திறந்துவிடலாமா என்பதுதான் கேள்வி. அதற்காகவே அவள் தேர்தலில் நின்று உறுப்பினரானாள். பட்டப்பெயரும் அப்படி வந்து ஒட்டிக்கொண்டதுதான்.

ஆனால் ஓடைக்கரையில் அவளுக்கு ஒரு வீடு இருந்தது, அம்மா எழுதிவைத்தது. ஓடை திறந்தால் வீட்டின் மதிப்பு ஏறும். தீர்மானத்தால் ஆதாயம் பெறக்கூடிய உறுப்பினர் அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட வேண்டும் என்பது மன்றத்தின் விதி. சொன்னாள். வந்துவிட்டாள்.

தாழ்வாரத்து பெஞ்சில் மெக்கானிக் உட்கார்ந்திருந்தான். அவன் பட்டறை நிற்பதே அந்தப் பலகைகளின் மேல்தான். கருத்துக் கேட்புக் கூட்டத்தில் காரசாரமாக எதிர்த்துப் பேசிவிட்டு, முடிவுக்காகக் காத்திருந்தான்.

"என்னக்கா, உங்களையும் துரத்திட்டாங்களா?"

"துரத்தலடா. நானா வந்தேன்."

"வீடு உங்க பேர்ல இருக்குன்னு யாருக்குத் தெரியும்? கமுக்கமா கையத் தூக்கியிருக்கலாம்ல?"

"எப்பவாவது தெரியவரும். நீ நேரா கோர்ட்டுக்குப் போவ. அந்த ஒரு கைக்காக மொத்தத் தீர்மானமும் ரத்தாயிடும்."

"போவேன்தான்." சிரித்தான். பிறகு குரல் இறங்கியது. "காலைல கம்ப்ரசர் போடுறதுக்கு முன்னாடி, கீழ தண்ணி ஓடுற சத்தம் கேக்கும்க்கா. எனக்கு அது மேல கோவமில்ல. எனக்குப் போக்கிடம்தான் இல்ல."

அது அவள் சின்ன வயதில் கேட்ட சத்தம். அதற்காக ஊரெல்லாம் மல்லுக்கட்டியவள் அவள். தினமும் அதைக் கேட்பவன் இவன்.

செயலாளரம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "ஓட்டு சரிக்குச் சரி விழுந்திருக்கு. சமமா வந்தா தீர்மானம் தோத்த மாதிரிதான்." சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

ஒரே ஒரு கை. ஓடையக்கா தன் கையை மடியில் மடக்கி வைத்துக்கொண்டாள். மெக்கானிக்கும் துள்ளிக் குதிக்கவில்லை.

"அப்ப அவ்வளவுதானாக்கா?"

"தீர்மானத்துல மாத்தம் செஞ்சு திரும்பக் கொண்டுவரலாம். நான் கொண்டுவரக் கூடாது. ஆனா ஊர்ல யார் மனு குடுத்தாலும் மன்றம் எடுத்துப் பேசியே ஆகணும்."

"பட்டறைக்கு மாத்து எடம் குடுத்த பிறகுதான் பலகையில கை வைக்கணும்னு நானே மனு குடுக்கலாமா?"

"தாராளமா."

"எப்படி எழுதணும்?"

பதில் அவள் நாக்கு நுனியில் நின்றது. வரி வரியாக மனசுக்குள் ஓடியது. அத்தனையையும் விழுங்கினாள்.

"அத நான் சொல்லக் கூடாதுடா. செயலாளரம்மாவக் கேளு."

அவன் தலையைச் சொறிந்துகொண்டு செயலாளரின் அறைக்குப் போனான். அவள் பெஞ்சைவிட்டு எழவில்லை. அந்த அறையிலிருந்து அவர்களின் பேச்சுச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை.