சட்டைக் கையில் தைத்த ஆட்டம்

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா. சதுரங்கம் ஆடப் போய்ச் சட்டையின் ஒரு கையைப் பறிகொடுத்தவர் கதை சொல்கிறேன்.

தையல்காரரும் கடிகாரம் பழுதுபார்ப்பவரும் ஒரே கடை அறையை ஆளுக்குப் பாதியாக வைத்திருந்தார்கள். ஜன்னல் ஒன்றுதான், அது கடிகாரக்காரர் பக்கம். மூலையிருட்டில் தையல்காரருக்கு ஊசியின் காது தெரியவில்லை. போன வாரம் ஒரு கால்சட்டைப் பையை வாயோடு சேர்த்துத் தைத்துவிட்டார். தைக்கக் கொடுத்தவர் விரலை நுழைத்துப் பார்த்து, "இதுல என்னத்த வெக்கறது, என் தலையெழுத்தையா?" என்று கேட்டுவிட்டுப் போனார். இன்னும் ஒரு வருஷம் இதே மூலை என்றால் தொழிலே போய்விடும்.

சதுரங்கத்தில் ஜெயிப்பவருக்கு ஒரு வருஷம் ஜன்னல் என்று முடிவானது. இருவருக்கும் ஆடத் தெரியாது, அதனால் நியாயமாம்! கற்றுக்கொள்ள ஒரு மாதம்.

தையல்காரர் புத்தகம் வாங்கி, தொடக்க ஆட்டம் ஒன்றை மனப்பாடம் செய்தார். போதாதென்று சட்டைக் கையின் உள்பக்கம், தோள்மூட்டு வரை, சிவப்பு நூலால் தைத்தும் வைத்தார்: நான் இது வைத்தால் அவர் அது வைப்பார். வீட்டில் மனைவி எதிரே உட்கார்ந்து, அவர் சொன்னதையெல்லாம் அப்படியே வைத்தாள். முப்பது நாளும் வெற்றி.

அந்த நாள் வந்தது. தையல்காரர் ராஜா முன்னால் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். கடிகாரக்காரர் இடது ஓரச் சிப்பாயைத் தள்ளினார்.

"அண்ணே, தப்பு. நீங்க ராஜா முன்னாடி இருக்கறதத்தான் தள்ளணும்."

"யாரு சொன்னா?"

"என் சட்டையில இருக்கே!"

"அப்ப உங்க சட்டைகூடயே ஆடுங்க, மாஸ்டர்."

தப்பான தையலைக் கண்டால் பிரித்துவிடுவது தையல்காரரின் கை வழக்கம். சட்டைக் கையைப் புரட்டி அந்த வரியைப் பிரித்துவிட்டுக் குதிரையை எடுத்து வைத்தார். கடிகாரக்காரர் ஓரத்திலிருந்து இரண்டாவது சிப்பாயைத் தள்ளினார். அதுவும் சட்டையில் இல்லை, தையல்காரர் பிரித்தார். மந்திரியை நகர்த்தினார். மூன்றாவது சிப்பாய் வந்தது. பதறிப்போய் இருட்டில் எந்த நூலை இழுத்தாரோ, தோள்மூட்டே விட்டுப்போய், கை முழுசாகக் கழன்று மடியில் விழுந்தது.

பார்க்க இனிச் சட்டை இல்லை. வேறு வழியில்லாமல் பலகையைப் பார்த்தார். அட, இரண்டாவது சிப்பாய்க்குக் காவலே இல்லை! குதிரையால் வெட்டினார். கடிகாரக்காரர் அசராமல் நாலாவது சிப்பாயைத் தள்ளினார்.

"அண்ணே, என்ன கணக்கு இது?"

"கடிகார மூடிய ஓரத்துத் திருகாணியில இருந்து வரிசையாத்தான் கழட்டணும். வரிசை மாறினா மூடி வளைஞ்சிரும்."

தையல்காரர் குதிரையை ஒரு தாவு தாவ விட்டார். ராணியும் யானையும் ஒரே ஊசியில் கோத்தாற்போல் மாட்டிக்கொண்டன. ராஜா குதிரையைத் தொட முடியாமல் மந்திரி தூரத்திலிருந்து காவல்.

"ராணி போகுது, அண்ணே."

"இருங்க, அஞ்சாவது திருகாணி பாக்கி இருக்கு."

எட்டுத் திருகாணியும் கழன்றபோது கடிகாரக்காரரின் ராஜாவும் கழன்றிருந்தார். "அடுத்த வருஷம் வலது ஓரத்துல இருந்து ஆரம்பிக்கறேன், மாஸ்டர்," என்று சொல்லிக்கொண்டே தையல் மிஷினை ஜன்னலுக்குத் தூக்கிவிட்டதும் அவர்தான்.

வெளிச்சத்தில் உட்கார்ந்து தையல்காரர் முதல் வேலையாகத் தன் சட்டைக் கையைத் தைத்தார். நூல் ஒரே தடவையில் கோத்துக்கொண்டது.

உங்கள் வீட்டு ஊசியிலும் அப்படியே நூல் கோக்கட்டும், கண்ணுகளா. ஜன்னலெல்லாம் வெளிச்சம் நிறையட்டும்.