பஞ்சம்மாள் ஒட்டிய ஸ்பீக்கர்

சோலைச்சாமி வாடகைக்கு விடும் ஒலிபெருக்கிப் பெட்டிக்குள் இருந்த ஸ்பீக்கரின் கூம்பு கிழிந்தபோது, வெடி சுற்றும் காகிதத்தையும் மயில்துத்தம் கலந்த பசையையும் வைத்து ஒட்டியவள் அவர் மனைவி பஞ்சம்மாள். போன சீசனில், வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில் பிடித்த தீயில் அவள் போய்விட்டாள். அதன்பின் பாட்டு தாழும் இடங்களில் அந்த ஒட்டு கரகரத்தது. அவருக்கு அது அவள் இருமலாகவே கேட்டது.

“அண்ணாச்சி, இந்தக் கரகரப்போட போனா கோயில் பங்குனிப் பொங்கல் ஆர்டர் கைய விட்டுப் போயிரும். புதுசு மாட்டிருவமா?” என்றான் மெக்கானிக் மாரிசாமி.

“மாட்டுலே.”

பழையதைக் கழற்றியபோது ஒட்டின்மேல் வெள்ளி நிற வெடிமருந்து படிந்த விரல்தடங்கள் தெரிந்தன. புதியது கணீரென்று பாடியது.

“எம்புட்டுத் தெளிவு, பாத்தீகளா!”

“நல்லாத்தான் பாடுது. ஆனா வீட்ல ஆளில்லாத மாதிரி இருக்குலே. பழசையே மாட்டிரு. கோயில்காரங்கள வேற ஆளப் பாக்கச் சொல்லு.”