கதவுக்குச் செவ்வரத்தை

எங்கள் கலியாணப் படத்தைக் கதவிலிருந்து கழற்றி என் கையில் தந்தபோது இங்கர் சங்கடப்பட்டாள். என் கணவர் தவராசா இருக்கும் முதியோர் இல்லத்தில் அவள்தான் பொறுப்பான தாதி. மறதி நோய்க்காரர் தங்கள் அறையை அடையாளம் காண, கதவில் எதையாவது மாட்டிவைப்பது அங்கே வழக்கம். ஒரு கிழவருக்குத் தூண்டில், ஒரு கிழவிக்கு அவள் பின்னிய கையுறை. நான் கலியாணப் படத்தை மாட்டினேன். தவராசா கிட்டப்போய் நின்று பார்த்துவிட்டு, "நல்ல சோடி. ஆர் இவை?" என்று என்னிடமே கேட்டார். பிறகு பக்கத்துக் கதவைத் திறந்து, அங்கே ஒரு நோர்வேக் கிழவியின் கட்டிலில் படுத்துக்கொண்டார். கிழவி போட்ட சத்தத்தில் இல்லம் முழுவதும் கூடிவிட்டது.

இப்படி நடப்பது முதல் தடவை அல்ல. இனியும் நடந்தால் மேல்மாடியில் பூட்டி வைக்கும் பிரிவுக்கு அவரை மாற்ற வேண்டிவரும் என்று இங்கர் மெதுவாகச் சொன்னாள். அவளில் பிழை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பிரிவை நான் பார்த்திருக்கிறேன். நடப்பதற்கு அங்கே இடமில்லை, எல்லோரும் கதிரைகளில் உட்கார்ந்தபடியே இருக்கிறார்கள். என்னுடைய மனிசனுக்கு மிஞ்சியிருப்பதே நடைதான். நடைவழியின் இந்த அந்தத்திலிருந்து அந்த அந்தத்துக்கு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, யாரோ சம்பளம் கொடுப்பதுபோல நாள் முழுக்க நடப்பார். அதையும் பறித்தால் ஆள் முடிந்துவிடும் என்று எனக்குப் பயமாக இருந்தது.

நோர்வேயின் வடகோடியில், ஹம்மர்பெஸ்டில், மீன் தொழிற்சாலையில் வேலை செய்த காலத்திலும் சரி, இங்கே ஹொல்ம்லியாவுக்கு வந்த பிறகும் சரி, அவர் யன்னலோரத்தில் சாடி வைத்துச் செவ்வரத்தைப் பூச்செடி வளர்த்தவர். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தாலும் குளித்துவிட்டு வந்து பூப் பிடுங்கிச் சாமிப்படத்துக்கு வைத்தால்தான் தேத்தண்ணி குடிப்பார். "என்னை ஒருநாளாவது இப்பிடி ஆசையாப் பாத்தனீங்களே?" என்று பகிடி பண்ணுவேன். போன வருடம் அவர் தண்ணீர் ஊற்ற மறந்துபோனார். நான் அவரைப் பார்ப்பதா, சாடியைப் பார்ப்பதா? செடி பட்டுப்போனது.

படத்துக்குப் பதிலாகக் கதவில் செவ்வரத்தை வைக்க நினைத்தேன். உண்மைப் பூ ஒரு நாளில் வாடிவிடும். ஆகவே களியில் செய்வது என்று தீர்மானித்தேன். பாலர் பாடசாலையில் நோர்வேப் பிள்ளைகளோடு இருந்து களி உருட்டியே பென்சன் எடுத்தவள் நான். ஓவன் சூட்டில் இறுகுகிற பொலிமர் களி வாங்கிவந்தேன். குளிருக்கு அது கல்லாகக் கிடந்தது. கைச்சூட்டில் பிசைந்து பிசைந்து இளக்குவதற்குள் மணிக்கட்டு நொந்துபோயிற்று. சோடாப் போத்தலால் உருட்டி, இதழ்களை வெட்டி, ஓரங்களைப் பெருவிரலால் மெல்லிசாக்கி நெளியவிட்டேன். ஊசியால் நரம்பு கீறினேன். நடுத்தண்டின் நுனியில் மகரந்தத்துக்கு மஞ்சள் தூளில் பிரட்டிய ரவையை ஒற்றினேன். கதவில் ஒட்டப்போகும் தட்டில் துளையிட்டுச் செருக, பூ ஒவ்வொன்றுக்கும் கம்பியில் காம்பு வைத்தேன். கண்ணாடி போட்டும் கண்ணால் தண்ணீர் வந்தது. களைப்பில்தான் வந்தது என்று சொல்லமாட்டேன்.

பேர்கனிலிருந்து மகள் துசாந்தினி கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, பூவைத் தட்டோடை அமத்தி ஒட்டுங்கோ. இப்பிடிக் கம்பியிலை நீட்டிக்கொண்டு நிண்டா உடைஞ்சுபோகும்."

"கொப்பாக்கு இப்ப கண்ணை விடக் கைக்குத்தான் ஞாபகம் கூட. தொட்டுப் பாக்கட்டும்."

"அதையும் அப்பா அடையாளம் காணேல்லையெண்டால்?"

"போனை வை பிள்ளை, ஓவன் சூடாகிட்டுது" என்றேன். ஓவனுக்குள் அடுக்கிவைத்திருந்த சட்டிபானைகளை நான் இன்னும் வெளியே எடுக்கவே இல்லை.

வெள்ளைத் தட்டில் ஐந்து பூவும் இரண்டு மொட்டும் சில இலைகளும். கதவில் ஒட்டிவிட்டு ஒதுங்கி நின்றேன். தவராசா நடந்து வந்தார். நின்றார். இதழின் ஓரத்தை ஒரு விரலால் தடவினார். பிறகு கதவைத் திறந்து உள்ளே போய்த் தன்னுடைய கட்டிலில் இருந்தார். நான் நடைவழிச் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதேன். சந்தோசத்தில் அழுது எவ்வளவோ காலம்.

அந்தக் கிழமை முழுவதும் ஒருநாளும் கதவு தவறவில்லை. அந்தச் சந்தோசப் புளுகத்தில், பூவைக் கண்டே அறையைக் கண்டுபிடிக்கிற மனிசனுக்குச் சாமியும் பக்கத்தில் இருக்கட்டும் என்று, வீட்டுப் பிள்ளையார் படத்தைக் கொண்டுவந்து அவருடைய யன்னலில் வைத்தேன். கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

அடுத்தநாள் போனபோது தட்டில் பூக்கள் இல்லை. வெறும் இலைகளும் இரண்டு மொட்டுகளும்தான். யாரோ விசமத்துக்கு உடைத்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். கதவைத் தள்ளினேன். தவராசா குளித்திருந்தார், தலை ஈரம். பிள்ளையாருக்கு முன்னால் தேத்தண்ணிக் கோப்பைத் தட்டில் ஐந்து பூக்கள் வட்டமாக இருந்தன. என்னைக் கண்டதும் பிடிபட்டவர்போல எழுந்து நின்றார்.

"கோவிக்காதேங்கோ அக்கா. கேக்காமல் பிடுங்கிப்போட்டன். உங்கடை வேலியிலை நிண்டதோ?"

என்னோடு நாற்பது வருடம் குடும்பம் நடத்திய மனிதர்.

"ஓம், என்ரை வேலிதான். பரவாயில்லை, பிடுங்குங்கோ."

அவருடைய முகம் தெளிந்தது. "மொட்டு ரெண்டையும் விட்டிருக்கிறன். நாளைக்கு விரியும். உங்கடை சாமிக்கும் ஒண்டு வேணுமெல்லே?"

சொல்லிவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கப் போய்விட்டார்.

நடைவழியின் அந்த அந்தம்வரை போய்த் திரும்பிவரக் கொஞ்ச நேரம்தான் எடுக்கும். வந்தால் கதவில் என்ன இருக்கிறது? பக்கத்து அறையில் கிழவி இருமுவது கேட்டது. சாமிக்கு வைத்த பூவைத் திருப்பி எடுக்கக்கூடாது. பிள்ளையாரைப் பார்க்காமல் பெரிய பூ ஒன்றை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கம்பியைப் பழைய துளையில் செருகினேன். நிற்கவில்லை, பசை விட்டுப்போயிருந்தது. கையை எடுத்தால் விழுந்துவிடும்.

தூரத்தில் அவர் திரும்பினார். நான் கதவோடு கதவாக ஒதுங்கி, பூவைப் பின்னாலிருந்து ஒரு விரலால் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். பூவை எடுத்தபோது ஒட்டிய மஞ்சள் விரலில் இருந்தது. அவர் தரையைப் பார்த்தபடி வந்துகொண்டிருந்தார்.